இணையச் சந்தையும் வாக்கு நாணயமும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதர் தம்முள் பண்டங்களைக் கைமாற்றிக்கொள்ளத் தொடங்கிய காலந்தொட்டே வாணிகமும் அறமும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்துள்ளன. விற்பவன் எவ்வளவு கூறவேண்டும், வாங்குபவன் எவ்வளவு கேட்கலாம், கொடுத்த வாக்கு எந்த அளவிற்குப் பிணிக்கும் என்னும் வினாக்கள் மிகப் பழைமையானவை. தமிழிலக்கியமும் இவற்றை அறியும். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணி நடத்தலே வாணிகர்க்குரிய வாணிகம் என்னும் கருத்துடன் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் முடிவடைகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, கொள்ளும்போது அளவு மிகாமலும் கொடுக்கும்போது அளவு குறையாமலும் அவர்கள் நடந்தமையையே அவர்தம் பெருமையாகக் காட்டுகின்றது.

எனினும் இந்நூல்கள் பேசுவது வாணிகத்தைத் தொழிலாகக் கொண்டோரைப் பற்றியாகும். வணிகரல்லாத இருவர், முன்பின் அறியாதவர், வாழ்நாளில் ஒரேயொரு முறை மட்டும் சந்தித்து ஒரு பொருளைக் கைமாற்றிக்கொள்வாராயின், அவர்களுக்கிடையே நிலவவேண்டிய அறம் யாது? இவ்வினா இன்று நம்முன் புதிதாக எழுந்துள்ளது. அதனை எழுப்பியது இணையச் சந்தையாகும்.

1995 இல் அமெரிக்காவில் ஈபே, கிறெய்க்ஸ்லிஸ்ற் ஆகிய இரு தளங்களும் தோன்றின. இலங்கையில் 2012 இல் இக்மன் என்னும் விளம்பரத்தளம் தொடங்கப்பெற்றது. 2016 இல் முகநூல் நிறுவனம் தன் சந்தைப்பகுதியை உலகிற் சில நாடுகளில் அறிமுகஞ்செய்து, பின்னர் விரிவுபடுத்தியது. நாளிதழ்களின் சிறுவிளம்பரப் பத்திகள் முன்னர் ஆற்றிய பணியை இன்று இத்தகைய தளங்களே பெரிதும் ஆற்றுகின்றன. அவற்றில் விற்கப்படும் பொருள்கள் சில அஞ்சல்வழி வந்துசேரும். ஆயின் மேசை, கட்டில், துவிச்சக்கரவண்டி, தையல் இயந்திரம், குளிர்சாதனப்பெட்டி போன்றவை அவ்வாறு வருவது அரிது. வாங்குபவர் விற்பவரின் வாயிலுக்கே சென்று, பொருளைப் பார்த்து, பணத்தைக் கையிற் கொடுத்து, அதனைத் தாமே எடுத்துச் செல்லவேண்டும். இவ்வாறு நேரிற் பெறும் விற்பனையே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்விற்பனையின் தனித்தன்மையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஊர்ச் சந்தையில் இன்று நிறையிற் குறைத்துக் கொடுத்தவர் நாளையும் அதே இடத்தில் அமர்ந்திருப்பார். ஏமாந்தவரும் நாளை அவ்வழியே வருவார். எனவே அங்கு நேர்மை ஓரளவிற்கு இலாபத்தின் காவலாகவும் அமைகின்றது. ஜேர்மானிய மெய்யியலாளரான இமானுவேல் கான்ற், 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இத்தகைய கடைக்காரரை எடுத்துக்காட்டுகின்றார். அவர் விவரமறியாத சிறுவனிடமும் பிறரிடம் வாங்கும் அதே விலையையே வாங்குகின்றார். அவர் செயல் நேர்மையானதே. ஆனால் அது கடமையுணர்விற் பிறந்ததா, வாடிக்கையாளரை இழக்கக்கூடாது என்னும் எண்ணத்திற் பிறந்ததா? செயலை மட்டும் கொண்டு இதனைத் துணிதல் இயலாது.

நேரிற் பெறும் விற்பனையில் அந்த ஐயத்திற்கு இடம் மிகக் குறைவு. இருவரும் மீண்டும் சந்திக்கப்போவதில்லை. ஈபே தளம் 1996 இலேயே வாங்குவோரும் விற்போரும் ஒருவர்க்கொருவர் மதிப்பீடு வழங்கும் முறையை ஏற்படுத்தி, இழந்த ஊர்ப்பெயரை எந்திரத்தின் வாயிலாக மீட்க முயன்றது. ஆயினும் வாயிலில் நின்று காசாகக் கொடுத்து முடிக்கும் விற்பனை பெரும்பாலும் எந்தப் பதிவையும் விட்டுச்செல்வதில்லை. சட்டத்தின் துணையும் ஈண்டுச் சிறிதே. நம் நாட்டில் அசையும் பொருள்களின் விற்பனையை ஆள்வது, 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பண்டங்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். பொருளின் தரம் பற்றி அதில் உட்கிடையாயுள்ள பாதுகாப்புப் பெரிதும் அப்பொருளைத் தொழிலாக விற்போரையே பிணிக்கும்; தம் பழைய மேசையை விற்கும் தனியாளை அன்று. அன்றியும், ஒரு மேசைக்காக வழக்காடுவதற்கு ஆகும் செலவு அம்மேசையின் விலையை விஞ்சும். ஆகவே ஊர்ப்பெயரும் சட்டமும் விலகி நிற்கும் இவ்விடத்தில் எஞ்சுவது ஒருவர் மற்றவருக்குச் சொன்ன சொல் மட்டுமே.

அச்சொல்லின் வலிமை எத்தகையது? ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். பேராதனையில் ஒருவர் தம் தையல் இயந்திரத்தை இருபத்தையாயிரம் ரூபாவிற்கு விளம்பரஞ்செய்கின்றார். நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பெண் தொடர்புகொண்டு அவ்விலைக்கு உடன்படுகின்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருமாறு விற்பவர் கூறுகின்றார். வெள்ளிக்கிழமை இரவு வேறொருவர் இருபத்தெட்டாயிரம் தருவதாகக் கூறி உடனே வந்து எடுத்துச் செல்கின்றார். மறுநாட் காலை அப்பெண் பேருந்தில் வந்து இறங்கியபின்னரே இயந்திரம் விற்கப்பட்டமையை அறிகின்றார். விற்பவரைக் கேட்பின், "முற்பணம் ஒன்றும் தரவில்லையே" என்பார். பணம் கைமாறாதவரை கடமை ஏதுமில்லை என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையைப் பலர் இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். ஆயின் அது பொருந்துமா? ஸ்கொற்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், அயலவரான இரு கமக்காரரை நினைத்துப்பார்க்கச் சொல்கின்றார். ஒருவரின் பயிர் இன்று விளைந்துள்ளது. மற்றவரின் பயிர் நாளை விளையும். ஒருவர்க்கொருவர் உதவினால் இருவர்க்கும் நன்மை. ஆனால் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாவிடின் உதவி நிகழாது. இருவர் விளைச்சலும் அழியும். வாக்குறுதி என்னும் வழக்கம் இத்தகைய தேவையினாலேயே மனிதரிடைத் தோன்றியது என்பது அவர் கருத்து. அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் ஸ்கான்லன் 1998 இல் வெளியிட்ட நூலில் இதனினும் ஒருபடி மேற்சென்று, வாக்கின் பிணிப்பு வழக்கத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று என வாதிடுகின்றார். மற்றவர் உறுதியை நாடுகின்றார் என அறிந்தும் நாமே அவர் மனத்தில் அவ்வுறுதியை ஏற்படுத்துவோமாயின், அதனைக் காக்கும் கடமை நம்மைச் சேர்கின்றது என்பது அவர் விளக்கத்தின் சாரமாகும்.

இவ்விளக்கத்தைக் கொண்டு நோக்குமிடத்து, நாவலப்பிட்டிப் பெண் கொடுத்த விலையின் ஒரு பகுதி தெளிவாகின்றது. அவர் முற்பணம் தரவில்லை. ஆனால் தம் சனிக்கிழமையைத் தந்தார், பேருந்துக் கட்டணத்தைத் தந்தார், அவ்வாரத்தில் வேறு இயந்திரம் தேடாது விட்டார். "பத்து மணிக்கு வாருங்கள்" என்ற சொல்லை நம்பி அவர் செய்த செயல்களே அவ்விற்பனையின் உண்மையான முற்பணம். பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தராதிருத்தல் குற்றமெனின், இவற்றைப் பெற்றுக்கொண்டு தராதிருத்தலும் குற்றமே. கூடுதல் விலை தர ஒருவர் முன்வந்தபோது விற்பவர் செய்யக்கூடியவை இரண்டே. குறித்த நேரம் வரை பொருள் வேறொருவர்க்கு உரியது எனக் கூறி அவரைக் காத்திருக்கச் செய்யலாம்; அல்லது முதலாமவர் புறப்படுமுன் அவரிடமே உள்ளதை உள்ளவாறு கூறி, விட்டுக்கொடுக்க விருப்பமா எனக் கேட்கலாம். கேட்பதில் இழுக்கில்லை; கேளாது விற்பதிலேயே இழுக்குண்டு.

இதே நியாயம் வாங்குபவரையும் பிணிக்கும். "நாளை மாலை வருகிறேன்" எனக் கூறி வராதிருப்போர் இணையச் சந்தையில் மிகப் பலர். அவர்கள் தம்மைப் பொய்யராகக் கருதுவதில்லை. மனம் மாறியது, அவ்வளவே என்பர். மனம் மாறுவது குற்றமன்று. ஆயின் மறுபக்கத்தில் ஒருவர் வேலையைவிட்டு வீட்டிற் காத்திருக்கின்றார், கேட்ட வேறு மூவருக்கு இல்லையென்று கூறியிருக்கின்றார். மனம் மாறியமையை அறிவிக்க அரை நிமிடத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதனையும் செய்யாது விடுபவர், மற்றவரின் நேரத்திற்குத் தம் சிறு கூச்சத்தைவிடக் குறைந்த மதிப்பையே அளிக்கின்றார்.

வாயிலில் நின்று விலை குறைக்கும் வழக்கமும் ஈண்டு ஆராயத்தக்கது. பேரம்பேசுதல் தன்னளவில் தீதன்று. விலை என்பது இருவர் விருப்பமும் சந்திக்கும் இடம். ஆனால் விலையை முன்னரே ஒத்துக்கொண்டு, பொருளில் புதிய குறை எதனையும் காணாமல், வாயிலில் நின்றவுடன் "ஐயாயிரம் குறையுங்கள், இல்லையெனின் போகிறேன்" என்பது பேரமன்று. விற்பவர் பிறரைத் திருப்பியனுப்பிவிட்டார், கட்டிலைக் கழற்றி வாயிலுக்குக் கொணர்ந்துவிட்டார் என்பதை அறிந்தே அச்சொல் கூறப்படுகின்றது. வாக்கை நம்பி அவர் செய்தவற்றையே அவருக்கெதிரான கருவியாக்குவது அது. விற்பவரும் இதனைச் செய்வதுண்டு. பெட்டியின் கதவு சரியாக மூடாது என்பதை விளம்பரத்திற் கூறாது, வாங்குபவர் சிறு லொறி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி வந்துசேர்ந்தபின் கூறுவார். கூறிவிட்டார், ஆகவே பொய்யில்லை. ஆனால் வெறுங்கையுடன் திரும்பினால் லொறி வாடகை வீண் என்னும் நெருக்கடியில் நிற்பவர்க்குக் கூறிய உண்மை பாதி உண்மையே. உண்மைக்கும் உரிய நேரம் உண்டு. இவ்விற்பனையில் அது பயணத்திற்கு முந்திய நேரமாகும்.

இவ்வாறெனின் முற்பணம் பெற்றுக்கொள்வதே நல்வழி அன்றோ எனச் சிலர் வினவலாம். முகமறியாத ஒருவரிடம் முற்பணம் கேட்பது இடர் முழுவதையும் அவர் தலையிற் சுமத்துவதாகும். இல்லாத பொருளுக்கு விளம்பரஞ்செய்து முற்பணத்துடன் மறைவோர் உள்ளமையால், அதனைத் தர மறுப்பவரை நாம் குறைகூற இயலாது. பொருளைப் பார்த்தபின் பணம், பணம் பெற்றபின் பொருள் என்னும் நேர்முக ஒழுங்கில் ஒரு சமநிலை உண்டு. அச்சமநிலையைக் காப்பது வாக்கு. முற்பணம் அதற்கு ஈடாகாது.

இனி, குறைகளைக் கூறும் கடமையைச் சற்று விரிவாக நோக்குவோம். உரோமப் பேச்சாளரும் மெய்யியலாளருமான சிசரோ, கி.மு. 44 இல் எழுதிய 'கடமைகள்' பற்றிய நூலில் இதனை இரு எடுத்துக்காட்டுகளால் ஆராய்கின்றார். ஒன்று, நோயும் பழுதும் நிறைந்த வீட்டை அவற்றைக் கூறாது விற்பவர் பற்றியது. மற்றையது றோட்ஸ் தீவுபற்றியது. அங்கு உணவுப் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்துடன் ஒரு வணிகர் வந்துசேர்கின்றார். அவருக்குப் பின்னே மேலும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் மட்டுமே அறிவார். அதனைக் கூறின் விலை வீழும். அவர் கூறவேண்டுமா? சட்டம் வேண்டுவதைக் கூறினாற் போதும், மௌனம் வேறு மறைத்தல் வேறு என்பது டயோஜினிஸின் கருத்து. வாங்குபவர் அறியாதது எதனையும் விற்பவர் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்பது அன்ரிபேற்றரின் கருத்து. சிசரோ பின்னவர் பக்கமே சாய்கின்றார். பிறர் அறிந்துகொள்வதில் அவர்க்கு நலனிருக்க, நம் இலாபத்திற்காக அவரை அறியாமையில் வைத்திருத்தலே மறைத்தல் என்கின்றார்.

இது வெறும் நல்லொழுக்கப் போதனையன்று என்பதைப் பொருளியலும் காட்டியுள்ளது. ஜோர்ஜ் அக்கலொவ் 1970 இல் எழுதிய கட்டுரையொன்றில் பழைய மோட்டார் வாகனச் சந்தையை ஆராய்ந்தார். வாகனத்தின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் சராசரித் தரத்திற்கேற்ற விலையையே தர முன்வருவர். நல்ல வாகனத்தை உடையவர் அவ்விலைக்கு விற்க விரும்பாது விலகுவர். சராசரி மேலும் தாழும். முடிவில் பழுதானவையே சந்தையில் எஞ்சும். இவ்வாய்வு அவருக்கு 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்தளித்தது. குறையை மறைப்பவர் தம் முன்னால் நிற்பவரை மட்டும் ஏமாற்றவில்லை. நாளை நல்ல பொருளைக் கொணரும் நேர்மையாளரின் விலையையும் இன்றே திருடுகின்றார்.

றோட்ஸ் தீவின் கதை நமக்கு அந்நியமானதன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இந்நாட்டிற் பழைய வாகனங்களின் விலை உயர்ந்தது. 2022 இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது துவிச்சக்கரவண்டிக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. அதேவேளை, நாட்டைவிட்டுச் செல்ல முடிவுசெய்த பல குடும்பங்கள் தம் வீட்டுப்பொருள்களை அவசர அவசரமாக விற்றன. ஒரு பக்கத்தில் வாங்குபவரின் இடுக்கண். மறுபக்கத்தில் விற்பவரின் இடுக்கண். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இதற்கொரு வரம்பு கண்டார். பொருளை இழப்பதால் விற்பவர்க்கு நேரும் நட்டத்தைக் கருதி அவர் விலையை உயர்த்தலாம்; ஆனால் வாங்குபவரின் தேவையை மட்டும் காரணமாகக் கொண்டு உயர்த்தலாகாது; ஏனெனில் அத்தேவை வாங்குபவருக்கு உரியது, தமக்கு உரியதல்லாததை எவரும் விற்கமுடியாது. விமானச்சீட்டுக் கையில் வந்தபின் வீட்டுப்பொருள்களை விற்பவரிடம் பாதி விலை கேட்கும் வாங்குபவர்க்கும் இவ்வரம்பு பொருந்தும். அவர் விலைக்கு வாங்க முற்படுவது கட்டிலை மட்டுமன்று. மற்றவரின் புறப்பாட்டுத் தேதியையும்.

இதனினும் கடினமான ஒரு நிலையைப் பல்கலைக்கழகத்தார் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும். மூதாட்டி ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் பழைய புத்தகங்களைப் பெட்டியோடு இரண்டாயிரம் ரூபாவிற்கு விற்பதாக விளம்பரம் வெளிவருகின்றது எனக் கொள்வோம். தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் அவற்றை எடுக்கச் செல்கின்றார். பெட்டியினுள்ளே 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த கலித்தொகையின் முதற்பதிப்பு இருப்பதைக் காண்கின்றார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட இந்நாட்டில் அத்தகைய நூலின் அருமை சொல்லாமலே விளங்கும். மூதாட்டி அதனை அறியார். மாணவர் பொய்யேதும் கூறவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துச் செல்லலாமா?

எடுத்துச் செல்லலாம் என்போரின் வாதம் வலுவற்றதன்று. நூலின் அருமையை அறிதல் உழைத்துப் பெற்ற அறிவு. உழைப்பின் பயனை அனுபவித்தல் எவ்வாறு தவறாகும்? தொழில்முறைப் புத்தக வணிகரிடம் இவ்வாறு வாங்கின் நாமும் குறைகூறமாட்டோம். விலையறிதல் அவர் தொழில். ஆனால் மூதாட்டி வணிகரல்லர். தம் வீட்டு வாயிலைத் திறந்து, படித்த பிள்ளை என நம்பி உள்ளே அழைத்திருக்கின்றார். அன்றியும் அம்மாணவரின் அறிவு முற்றிலும் அவர் சொந்த உழைப்பா? 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் வழியே வந்த அறிவு அது. அம்மூதாட்டி வாங்கிய சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் செலுத்திய வரியும் அதிற் கலந்துள்ளது. ஒருவர் செலவிற் பெற்ற அறிவை அவருக்கெதிராகவே பயன்படுத்துவதை நியாயமெனக் கொள்ளமுடியுமா? அவர் செய்யவேண்டியது எளிது: "அம்மா, இது அரிய நூல், இதனைத் தனியே விலைமதிக்க வேண்டும்" எனக் கூறுதல். அதன்பின்னரும் அம்மூதாட்டி தரச் சம்மதிப்பின் அது வேறு.

இறுதியாக, ஐயம்பற்றிச் சில கூறவேண்டும். அந்நியரை நேரிற் சந்திக்கும் இம்முறையில் எச்சரிக்கை இன்றியமையாதது. பகற்பொழுதில், இயலுமாயின் பலர் நடமாடும் இடத்தில், துணையொருவருடன் சந்தித்தல், பொருளை இயக்கிப்பார்த்தல், கைத்தொலைபேசியாயின் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டல் ஆகியன யாரையும் அவமதிப்பனவல்ல. பெண்களுக்கு இவ்வெச்சரிக்கை மேலும் தேவைப்படுகின்றது என்பதை உணர்ந்து, அவர்கள் கேளாமலே பொதுவிடமொன்றைக் குறிப்பிடுதல் ஆண்களுக்குரிய பண்பாகும். ஆனால் எச்சரிக்கை எல்லோர்க்கும் ஒரே அளவினதாய் இருத்தல் வேண்டும். குறுஞ்செய்தியின் தலைப்பில் உள்ள பெயரைப் பார்த்து, இவர் இன்ன இனத்தவர், இன்ன மதத்தவர் என எண்ணி மறுமொழி அனுப்பாது விடுதல் எச்சரிக்கையன்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் ஒரு சமூகத்தார் அனைவர்மீதும் படர்ந்த ஐயம் கடைத்தெருவில் எத்தகைய துன்பத்தை விளைத்தது என்பதை இந்நாடு கண்டது. ஒருவர் செயலை ஐயுறலாம், பெயரை ஐயுறலாகாது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டு வாயிலில் ஒருவர் நின்று பேசும் வாய்ப்புகள் அருகிவரும் இக்காலத்தில், ஒரு பழைய மேசை அவ்வாய்ப்பை ஏற்படுத்துமாயின் அதனைக் கெடுத்துவிடலாகாது.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலப்படும். நேரிற் பெறும் விற்பனையில் கடமை பணம் கைமாறும் கணத்தில் தொடங்குவதில்லை. நம் சொல்லை நம்பி மற்றவர் எழுந்து புறப்படும் கணத்திலேயே அது தொடங்கிவிடுகின்றது. வாக்கைக் காத்தல், குறையைப் பயணத்திற்கு முன்னரே கூறல், ஒத்துக்கொண்ட விலையை வாயிலில் மாற்றாதிருத்தல், பிறர் இடுக்கணையும் அறியாமையையும் விலைக்குக் கொள்ளாதிருத்தல் ஆகிய யாவும் இவ்வொரு மூலத்திலிருந்தே கிளைக்கின்றன. காண்பார் இல்லாதவிடத்தும், மீண்டும் சந்திக்கும் வாய்ப்பில்லாதவிடத்தும் இவற்றைக் காப்பவரே வாக்கு நாணயம் உடையவராவர். அறவியலை விரிவுரை மண்டபத்திற் பயிலும் நமக்கு அதனைச் சோதித்தறியும் இடம் தொலைவில் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து பேருந்தேறியவர் வந்துசேரும் வரை அத்தையல் இயந்திரம் அவருக்காகக் காத்திருக்கின்றதா என்பதே அச்சோதனை.